நெமோவுக்கும் டோரிக்கும் ஒரே ரூம் ஒத்து வராது

"மச்சி, ரெண்டடி தொட்டி வாங்கப் போறேன், உப்புத்தண்ணி. நெமோ ரெண்டு, டோரி ஒண்ணு, அப்புறம் ஒரு லயன் ஃபிஷ், கொஞ்சம் பவளம். இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு செட் ஆகுமா?"

நம்ம ஏரியாவில் மீன் வளர்க்கிற பசங்க யாரிடமாவது பத்து நிமிஷம் பேசினால் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வந்துவிடும். வாலாஜாபாத்திலிருந்து கடல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பாலாற்றிலேயே வருஷத்தில் பாதி நாள் மணல்தான் தெரிகிறது. ஆனாலும் ரூமுக்குள் ஒரு துண்டு கடல் வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில் தப்பே இல்லை. கேள்விதான் தப்பு என்பது என் கட்சி.

எந்த மீன் எந்த மீனோடு சண்டை போடாது என்று பார்க்கிறோம். இணையத்தில் அதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு கட்டம் போட்ட அட்டவணைகள் கிடைக்கின்றன. இரண்டு மீனுக்கு நடுவே பச்சை இருந்தால் ஓகே. ஆனால் அந்த அட்டவணைகளில் பெரும்பாலானவை நூறு காலனுக்கு மேல் தண்ணீரும், ஏசி ஓடும் வீடும், போகாத கரண்ட்டும் இருக்கிற ஆளை மனதில் வைத்துப் போட்டவை. ஒரகடம் ரோட்டோரம் தகரமோ மொட்டைமாடியோ தலைக்கு மேல் காயும் ரூமில், மே மாதத்தில், மத்தியானம் கரண்ட் போகும்போது அந்தப் பச்சைக் கட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மீன் முதலில் ஒத்துப்போக வேண்டியது பக்கத்து மீனோடு இல்லை, அந்தத் தண்ணீரோடு. பக்கத்து மீன் அடுத்த விஷயம்.

சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டடி தொட்டி என்றால் 24-க்கு 12-க்கு 12 அங்குலம். கொள்ளளவு சுமார் 57 லிட்டர். மேலே ஒரு அங்குலம் காலி விட்டு, அடியில் மணல், நடுவில் கல் எல்லாம் போட்டால் உண்மையில் மிஞ்சுவது 45 லிட்டர் தண்ணீர். இரண்டு வாட்டர் கேன், கொஞ்சம் கூட. அதுதான் உங்கள் கடல்.

வெயில் காலத்தில் அதைக் குளிர்விக்க சில்லர் வாங்கும் வசதி நமக்கு இல்லை. ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீரின் மேல் திருப்பி விடுவோம். அது வேலை செய்யும், நன்றாகவே செய்யும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். 45 லிட்டரை ஒரு டிகிரி இறக்க 180 கிலோஜூல் எடுத்தால் போதும். அதாவது ஒரு நாளில் ஆவியாகும் ஒரே ஒரு லிட்டர், கோட்பாட்டளவில், 13 டிகிரி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ரூம் திரும்பத் திரும்பச் சூடேற்றுவதால் நமக்கு இரண்டு மூன்று டிகிரிதான் நிஜத்தில் கிடைக்கும். அதுவே பெரிய விஷயம்.

ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். லிட்டருக்கு 35 கிராம் என்று ஆரம்பித்தீர்கள். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போய் வந்தால் 45 லிட்டர் 41 ஆகியிருக்கும், உப்பு 38.4 கிராம். வந்த பதட்டத்தில் நாலு லிட்டர் நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் மறுபடி 35. மேலே போனது நாலு நாளில், கீழே வந்தது ஒரு நிமிஷத்தில். கடலில் வாழும் மீன் தன் வாழ்நாளில் அப்படி ஒரு மாற்றத்தைப் பார்த்திருக்காது.

ஆக்சிஜன் இன்னும் மோசம். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் வரை பிடித்து வைக்கும். கடல்நீர் 6.2தான். நம் 45 லிட்டருக்கும் சேர்த்துக் கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல். பம்பு நின்ற பிறகு தொட்டியில் இருக்கிற எல்லா மீனும் பங்கு போட வேண்டியது பெரும்பாலும் அந்தக் கால் கிராமைத்தான். மூன்று சின்ன மீன் என்றால் தாக்குப்பிடிக்கும். எட்டு மீன் என்றால் நீங்கள் லேப் முடிந்து வருவதற்குள் மேலே வந்து வாய் பிளக்கும்.

அம்மோனியாவும் அப்படித்தான். மீன் கழிக்கும் அம்மோனியாவில் ஒரு பங்கு விஷமான வடிவத்தில் இருக்கும், மிச்சம் அவ்வளவு ஆபத்தில்லை. பி.எச். 7 இருக்கும் கப்பித் தொட்டியில் விஷப் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. பி.எச். 8.2 இருக்கும் கடல்நீரில் ஏழெட்டு. கப்பி, மோலி வளர்த்து வந்த கையோடு உப்புத்தண்ணிக்கு வருகிறவர்கள் "அதே ஃபில்டர்தானே" என்று நினைத்து அடிவாங்கும் இடம் இது. அதே அளவு அழுக்கு, பத்து மடங்கு விஷம்.

இந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு இப்போது ஆளைத் தேர்ந்தெடுப்போம்.

டோரி வேண்டாம். நீல சர்ஜன் மீன் முழுசாக வளர்ந்தால் 30 சென்டிமீட்டர். உங்கள் தொட்டியின் அகலமும் 30 சென்டிமீட்டர்தான். அது திரும்புவதற்குக்கூட இடமில்லை. "சின்னதா வாங்கி, பெருசானா கடையில குடுத்துடலாம்" என்பார்கள். குட்டியாக இருந்தாலும் அது நாள் முழுக்க நீந்திக்கொண்டே பாசி மேயும் மீன், ஆறடி தொட்டியிலேயே அதற்கு அலுப்புத் தட்டும். பதட்டத்தில் உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி வரும். அந்தப் புள்ளி நெமோவுக்கும் தொற்றும். 2003-இல் வந்த படத்தில் இரண்டும் நண்பர்கள் என்பதைத் தவிர, இவை ஒரே தொட்டியில் இருக்க வேண்டியதற்கு வேறு எந்தக் காரணமும் கிடையாது.

லயன் ஃபிஷ் வேண்டாம். வாய்க்குள் நுழையும் எதுவும் அதற்குச் சாப்பாடு. கோமாளி மீன் நுழையும். முதுகு முள்ளில் விஷம் வேறு. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல வகை பவளத்தின் பூவையே தின்று வாழ்பவை, தொட்டியில் போட்டால் எதையும் தொடாமல் பட்டினி கிடந்து சாகும். மாண்டரின் மீன் பார்க்கப் பட்டுப்புடவை பார்டர் மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்கிற ஜாதி அது. புதுத் தொட்டியில் அவ்வளவு பூச்சிக்கு எங்கே போவது?

க்ளீனர் ராஸ் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் கடலிலேயே இருப்பது, "தொட்டியை க்ளீன் பண்ணும்" என்று சொல்லி விற்கவும் செய்கிறார்கள். அது தொட்டியை சுத்தம் செய்யாது. பவளப்பாறையில் சர்வீஸ் ஸ்டேஷன் மாதிரி ஒரு இடத்தில் நிற்கும். பெரிய மீன்கள் வரிசையில் வந்து நின்று உடம்பைக் காட்டும். அவற்றின் மேல் இருக்கும் ஒட்டுண்ணிதான் அதன் சம்பளம். ஒரு நாளைக்கு எத்தனையோ வாடிக்கையாளர் வந்து போகும் அந்தக் கடையை மூன்று மீன் இருக்கும் இடத்தில் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சண்டை அட்டவணையில் இதற்கு எல்லாரோடும் பச்சைதான். ஒத்துப்போகும், அதற்குள் செத்தும் போகும்.

டாம்சல் மீனைப் பற்றித்தான் எனக்குக் கடைக்காரர்களோடு சண்டை. விலை குறைவு, எதையும் தாங்கும், அதனால் "முதல்ல இதப் போட்டு தொட்டிய செட் பண்ணுங்க, அப்புறம் மத்தத விடலாம்" என்பார்கள். டாம்சல் செட் பண்ணும், தனக்குத்தான். முதலில் வந்தவன் ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்த மாதிரி, தொட்டி முழுக்க அதனுடையது ஆகிவிடும். கறுப்பில் மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த டாமினோ டாம்சல் நாணயம் சைஸில் வாங்கும்போது அழகு. அது 14 சென்டிமீட்டர் வரை வளரும், பின்னால் வரும் ஒவ்வொரு மீனையும் மூலைக்குத் துரத்தும். பிடித்து வெளியே எடுக்கக் கல் அத்தனையும் கலைக்க வேண்டும்.

தொட்டி பழக மீனே தேவையில்லை. மெடிக்கலிலோ கெமிக்கல் கடையிலோ அம்மோனியம் குளோரைடு கிடைக்கும் (கெமிஸ்ட்ரி லேப்பிலிருந்து எடுக்காதீங்க, ஸ்டாக் ரெஜிஸ்டர் இருக்கு). இரண்டு பிபிஎம் அம்மோனியா வருமளவு போடுங்கள். நாலிலிருந்து ஆறு வாரத்தில் பாக்டீரியா வளர்ந்து, அந்த இரண்டு பிபிஎம்மை ஒரே நாளில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக முடித்துவிடும். அன்றைக்குத்தான் மீன் வாங்கப் பஸ் ஏற வேண்டும்.

அப்படியென்றால் யாரை விடலாம்? என் பதில் மூன்று மீன். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி. கோபின்னா மஞ்சூரியன் இல்ல, மணல் குழியில் வாழும் சின்ன மீன். அதோடு ஒரு இறால். அவ்வளவுதான், ஹவுஸ் ஃபுல்.

கோமாளி மீனில் நெமோ வகை, அதாவது ஆசெல்லாரிஸ், பத்து சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். சின்னத் தொட்டிக்கு அதன் சுபாவம் அப்படியே பொருந்தும். மரூன் கோமாளி, கிளார்க்கி, நம் மன்னார் வளைகுடாவின் சேபே இவையெல்லாம் இன்னும் பெருசாகும், முரட்டுத்தனமும் கூட. இரண்டு வேறு வகைக் கோமாளிகளை ஒன்றாக விடவே கூடாது.

ஜோடி சேர்ப்பது ரொம்ப சுலபம், காரணம் சுவாரஸ்யமானது. கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் ஜோடி. பெண் செத்தால் அந்த ஆண் பெண்ணாகிவிடும். (படத்தில் நெமோவின் அம்மா செத்த பிறகு அப்பா என்ன ஆகியிருக்க வேண்டும் என்று யோசித்தால் கதையே வேற.) அதனால் கடையில் ஆண், பெண் தேட வேண்டாம். சைஸ் வித்தியாசம் தெரிகிற மாதிரி இரண்டு குட்டிகளை ஒரே நேரத்தில் வாங்கினால் போதும். பெரியது கொஞ்ச நாள் அதட்டும், சின்னது உடம்பை நடுக்கிச் சரண்டர் ஆகும், விஷயம் முடிந்தது. மூன்றாவதாக ஒன்றை விட்டால் அது அடிவாங்கியே சாகும். கடல் சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாழாது என்பதும் கதைதான், தொட்டியில் நன்றாகவே வாழும். சாமந்திதான் அந்தச் சின்னத் தொட்டியில் வாழாது.

வாட்ச்மேன் கோபிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதைப் பார்க்கத்தான் ஒரு பிஸ்டல் இறால் வேண்டும் என்கிறேன். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் பொக்லைன் மாதிரி மணலைத் தோண்டித் தள்ளும். கோபிக்குத் தோண்டத் துப்பில்லை, கண் கூர்மை. இரண்டும் ஒரே வளையில் வாழும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் மீசையை மீன் மேல் வைத்தபடிதான் வேலை செய்யும். ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும், இறால் உள்ளே ஓடும். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் நிற்பதைப் போல அது வாசலில் நிற்பதை மணிக்கணக்கில் பார்க்கலாம். கோமாளி மேலே, கோபி தரையில். ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் போட்டியே இல்லை. கோபியை முதலில் விடுங்கள், இரண்டு மூன்று வாரம் கழித்துக் கோமாளியை. மேலே வலை மூடி போடுங்கள், கோபி குதிக்கும்.

இனி பவளம். இதில்தான் நம் ஆட்கள் யாரும் வாய் திறப்பதில்லை. பவளப் பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல் குதிரையும் கடல் அட்டையும் அதே வருஷம் சேர்ந்தவை. முதல் அட்டவணை என்றால் புலி இருக்கும் அட்டவணை. "இது இம்போர்ட்டுண்ணா, ஒண்ணும் ஆகாது" என்று கடையில் வாயால் சொல்வதை நம்பி ரூமில் வைத்தால், மாட்டும்போது அவர் வர மாட்டார்.

மாட்டுவோமா என்பதை விட்டுவிடலாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. தீவைச் சுற்றி அரண் மாதிரி இருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகப் பல வருஷம் வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மிச்சமிருக்கும் பவளம் 1998, 2010, 2016 வெப்பத்தில் வெளுத்தது. அங்கே 31, 32 டிகிரியில் வெளுக்கும் ஒன்றை எடுத்து வந்து வாலாஜாபாத் மே மாதத்தில் 45 லிட்டரில் வைத்துக் காப்பாற்றுவேன் என்று சொல்பவரின் தன்னம்பிக்கையைப் பாராட்டலாம், பவளத்தைக் கொடுக்கக் கூடாது. "லைவ் ராக்" என்று விற்பதும் பெரும்பாலும் பவளத்தின் எலும்புதான்.

அதற்குப் பதில் கல்லை நாமே வார்க்கலாம். சிமெண்ட், நொறுக்கிய சிப்பி ஓடு, துளை விழுவதற்குக் கல் உப்பு. உப்பு கரைந்து போன இடமெல்லாம் பாக்டீரியாவுக்கு வீடு. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்து, பி.எச். இறங்கும்வரை ஒரு மாதமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். க்யூரிங் என்றால் என்ன என்று சிவில் பசங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் இளஞ்சிவப்புப் பாசி படர்ந்தால் அசலுக்கும் அதற்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது.

மீன் எங்கிருந்து வருகிறது என்பதும் பொருத்தத்தில் சேர்த்திதான். நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. கோமாளி மீன் அந்த விதிக்கு விலக்கு. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த குட்டி தொட்டியையே உலகம் என்று நினைக்கும். உலர் தீவனம் தின்னும். கடலிலிருந்து வந்தது ஒட்டுண்ணியோடு வரும், தீவனத்தைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஐம்பது, நூறு ரூபாய் வித்தியாசத்துக்காகக் கடல் மீனை எடுப்பது கஞ்சத்தனம்கூட இல்லை, கணக்குத் தெரியாமை.

இந்த வித்தியாசம் அரசாங்கத்துக்கே ஒருமுறை தெரியாமல் போனது. 2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் கடைகளுக்கு விதிகள் கொண்டு வந்தது. 158 வகை மீன்களை விற்கவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது என்று ஒரு பட்டியலும் போட்டது. வண்ணத்துப்பூச்சி மீன் அதில் இருந்தது, சரி. கோமாளி மீனும் இருந்தது. அரசு நிறுவனமே தொட்டியில் பொரிக்க வைத்த மீன்! கொளத்தூர் வியாபாரிகள் கொதித்ததில் நியாயம் இருந்தது. பிறகு விதிகளே திரும்பப் பெறப்பட்டன. அவற்றோடு குண்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்ற நல்ல விஷயமும் போய்விட்டது. பிடித்த மீனையும் வளர்த்த மீனையும் பிரித்துப் பார்க்கும் ஒரு விதி இன்னும் தேவை என்றே நினைக்கிறேன். அது வரும்வரை பிரித்துப் பார்க்கும் வேலை வாங்குகிற நம்முடையது.

"மூணு மீனுக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்பீர்கள். ஆமாம். மூன்று கட்டுப்படியாகாது என்றால் எட்டு கட்டாயம் ஆகாது, அது மாதாமாதம் புதுசு வாங்கும் சந்தா. நாலு மாதத்துக்கு ஒருமுறை செமஸ்டர் லீவில் தொட்டியைப் பார்க்க ஆள் இல்லையென்றால் உப்புத்தண்ணியே வேண்டாம், நாட்டு கப்பி போதும். சீரியஸாகத்தான் சொல்கிறேன், கப்பி ஒன்றும் மட்டமான மீன் இல்லை.

இல்லை, ஆள் இருக்கிறது, பேட்டரி ஏர் பம்பு இருக்கிறது, தொட்டியும் பழகிவிட்டது என்றால் ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போங்கள். காலையிலேயே போங்கள், மத்தியானம் கவரில் மீனோடு பஸ்ஸில் வருவது அதற்கு அடுப்பில் வருவது மாதிரி. பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். எந்தக் கடையிலும் பண்ணை என்றுதான் சொல்வார்கள். அதனால் அடுத்ததாக, "அண்ணே, கொஞ்சம் தீவனம் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். பாய்ந்து வந்து தின்றால் எடுத்துக்கொள்ளலாம். "இன்னைக்குத்தான் தம்பி வந்துச்சு, நாளைக்குத் தின்னும்" என்றால், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.